டாஃப்ட் பங்கின் ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’: எந்தப் பதிப்பை வாங்குவது, எதில் கேட்பது

எலெக்ட்ரானிக் நடன இசையில் கூட்டு ஆல்பம் என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பகுதி ஒரே விதமாகத்தான் உருவாகிறது. தயாரிப்பாளர் பீட்டை முடித்து அனுப்பிவைப்பார். பாடகர் தன் ஊரில், தன் மைக்கில் பாடித் திருப்பி அனுப்புவார். பெயர் அட்டையில் ஏறிவிடும். கேட்கும்போது தெரிந்துவிடும்: பாட்டுக்குப் பாட்டு குரல் மாறுகிறது, அடியில் ஓடுவது ஒரே ஆளின் ஒரே சின்த் (மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சின்தசைசர்). தாமஸ் பங்கால்டர், கீ-மானுவேல் டி ஒமெம்-கிறிஸ்டோ என்ற பிரெஞ்சு இரட்டையர், அதாவது டாஃப்ட் பங்க், 2013 மே மாதம் கொலம்பியா வழியாக வெளியிட்ட ‘ரேண்டம் ஆக்சஸ் மெமரீஸ்’ அந்த வழியில் போகவில்லை. விருந்தாளியை ஸ்டூடியோவுக்கே வரவழைத்து, வாசிக்க விட்டு, அந்த வாசிப்பிலிருந்து பாட்டை அமைத்த ஆல்பம் இது. 13 பாட்டு, 74 நிமிடம். வந்தவரின் கைவரிசை அப்படியே காதில் விழும் இடங்களில் ஆல்பம் உச்சத்தில் இருக்கிறது. இரட்டையரின் இயந்திரக் குரல் அதை மூடிவிடும் இடங்களில் தொய்கிறது. இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பாட்டு ஏன் நிற்கிறது, எது ஏன் நழுவுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் அடித்தளம். 2001-இல் வந்த ‘டிஸ்கவரி’ வரை இவர்களின் பலம் சாம்பிள். பழைய டிஸ்கோ தட்டிலிருந்து இரண்டு விநாடி வெட்டி, சுற்றவிட்டு, வடிகட்டி, அதிலிருந்தே ஒரு பாட்டைக் கட்டுவார்கள். இந்த ஆல்பத்தில் அந்தப் பழைய தட்டுகளில் வாசித்த தலைமுறையையே அழைத்துவிட்டார்கள். பேஸில் நேதன் ஈஸ்ட், ட்ரம்ஸில் ஒமர் ஹக்கீமும் ஜான் ராபின்சனும், கிடாரில் பால் ஜாக்சன் ஜூனியரும் நைல் ராட்ஜர்ஸும். லாஸ் ஏஞ்சலஸில் ஹென்சன், கான்வே ஸ்டூடியோக்கள், நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி, பாரிஸில் கேங் என்று பல இடங்களில் பதிவு நடந்தது. வாசித்தது ஒரே சமயத்தில் அனலாக் டேப்பிலும் ப்ரோ டூல்ஸ் என்ற கணினி மென்பொருளிலும் ஏறியது. பிறகு இரண்டையும் ஒப்பிட்டு எது பொருந்துகிறதோ அதை எடுத்தார்கள். ட்ரம் மெஷின் தலைகாட்டுவது ஓரிரண்டு பாட்டில்தான். சாம்பிள் என்று சொல்ல வேண்டியது கடைசிப் பாட்டில் மட்டும். சின்த் வேலையில் பெரும்பங்கு ஒரு பெரிய மாடுலருக்கு, அதாவது தனித்தனிப் பகுதிகளைக் கம்பியால் இணைத்து ஒலி உண்டாக்கும் சின்துக்கு.

இதனால் ஒலியில் என்ன மாறியது? ட்ரம் மெஷினில் ஒரே ஸ்னேர் (சரசரக்கும் சின்ன ட்ரம்) ஒலி ஆயிரம் தடவை வந்தால் ஆயிரமும் ஒன்றே. மனிதர் அடிக்கும்போது குச்சி விழும் இடமும் விசையும் ஒவ்வொரு முறையும் மயிரிழை மாறுகின்றன, ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு மூடித் திறக்கும் அளவும் மாறுகிறது. தாளம் கிளிக்கை (சம இடைவெளியில் ஒலிக்கும் தாளக் குறி) விட்டு நழுவாமலே இந்த மாற்றங்கள் நடப்பதால், ஆறு நிமிடம் ஒரே சுற்று ஓடினாலும் காது சலிப்பதில்லை. முதல் பாட்டான ‘கிவ் லைஃப் பேக் டு மியூசிக்’கில் ராபின்சனின் ஹை-ஹாட்டை மட்டும் ஒரு நிமிடம் பின்தொடர்ந்து பாருங்கள். அதே பாட்டில் ராட்ஜர்ஸும் பால் ஜாக்சனும் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஹெட்ஃபோனில் இரண்டு கிடார்களையும் தனித்தனியாகப் பிடிக்க முடியும். ஒன்று நறுக்கித் தெறிக்கும், மற்றது அந்த இடைவெளிகளை நிரப்பும். இரண்டும் மோதிக்கொள்வதே இல்லை. கிடார் அரேஞ்ச்மென்ட் படிப்பவர்களுக்கு இந்தப் பாட்டு ஒன்றே ஒரு வாரத்துக்குப் போதும்.

‘ஜார்ஜியோ பை மொரோடர்’ இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. ஒன்பது நிமிடம். சின்தசைசரை டிஸ்கோவுக்குள் கொண்டுவந்த ஜார்ஜியோ மொரோடர் இதில் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. பேசுகிறார். தன் இளமையை, ஜெர்மனியில் கிளப்புகளில் பாடிய காலத்தை, 24 டிராக் டேப்பில் ஒரு கிளிக்கைப் பதிந்து அதோடு மூக் மாடுலரைப் பூட்டிய நாளைச் சொல்கிறார். அவர் பேச்சைப் பல காலத்து மைக்குகளில் பதிந்தார்கள், அவர் சொல்லும் காலத்துக்கு ஏற்ற மைக்கைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம் என்று. கேட்பவர் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் அந்த அளவு அக்கறை இருந்தால்தான் மற்ற ஆயிரம் சின்ன முடிவுகளும் சரியாக விழும்.

இந்தப் பாட்டின் கட்டமைப்பு தனியாகப் பார்க்கத் தகுந்தது. பேச்சுக்கு அடியில் மெல்லிய தாளம். கிளிக்கைப் பற்றி அவர் சொல்லும் இடத்தில் கிளிக்கே வந்து நிற்கிறது, அதன் மேல் ஆர்பெஜியோ, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக உதிரும் ஸ்வர வரிசை, ஏறுகிறது. மைனரில் உருளும் எளிய வரிசைதான். ஆனால் ஃபில்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதால் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவே எலெக்ட்ரிக் பியானோ ஜாஸ் பாணியில் அலைகிறது. பேச்சு ஒருமுறை திரும்பி வருகிறது, அதைத் தொடர்ந்து தந்தி வாத்தியங்கள். கடைசிப் பகுதியில் ஒமர் ஹக்கீம் கட்டவிழ்கிறார். பேஸும் ட்ரம்ஸும் ஒன்றையொன்று துரத்த, அமில நெடியோடு சின்த் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. எல்லாம் ஓய்ந்தபின் கிளிக் மட்டும் மிஞ்சுகிறது. விருந்தாளியின் வாழ்க்கையே பாட்டின் வடிவமாகிவிட்டது. பேசியவர் ஒருவர், வாசித்தவர்கள் பலர், அடுக்கியவர்கள் இருவர். எந்தக் கை எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு விநாடியும் தெளிவு.

இதே அளவு துணிச்சல் ‘டச்’சில் இருக்கிறது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் இதைப் பாடுவது பால் வில்லியம்ஸ், கார்பென்டர்ஸ் குழுவுக்குப் பாட்டெழுதிக் கொடுத்தவர். பயமுறுத்தும் இயந்திர முணுமுணுப்பில் தொடங்கி, வயதான மனிதரின் நடுங்கும் குரலில் மெல்லிசையாகி, பிராஸோடு குதித்து, கூட்டுக்குரலாகப் பெருகி, திரும்பவும் அந்த ஒற்றைக் குரலில் முடிகிறது. முதல்முறை கேட்பவருக்கு ஒட்டுப்போட்டது போலத் தோன்றும். தோன்றுவதற்குக் காரணமும் உண்டு: பகுதிகளுக்கு இடையே பாலம் போடாமல் நேரே தாண்டுகிறார்கள். ஆனால் வில்லியம்ஸின் குரலைச் சுத்தம் செய்யாமல், கரகரப்போடும் மூச்சோடும் விட்டிருக்கிறார்கள். தொடுதலை மறந்துபோன ஏதோ ஒன்று அதை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கும் பாட்டுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். இதில் சுருதியைத் திருத்தும் ஆட்டோட்யூன் விழுந்திருந்தால் பாட்டு செத்திருக்கும்.

ஃபாரல் வில்லியம்ஸ் பாடும் ‘கெட் லக்கி’யைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை என்று நினைப்போம். ஆனால் அதன் எளிமையைத் தயாரிப்பாளர்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. நான்கு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு): பி மைனர், டி, எஃப் ஷார்ப் மைனர், இ. பல்லவிக்கும் சரணத்துக்கும் அதே நான்கு. இந்தச் சுற்று எங்கும் போய் அமர்வதில்லை. எது வீட்டுச் சுருதி என்று காது முடிவு செய்வதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுகிறது. ஆறு நிமிடம் அலுக்காமல் ஓடுவதற்கு இதுவே முதல் காரணம். வேகம் 116 பி.பி.எம். (நிமிடத்துக்கு அத்தனை அடி), வழக்கமான ஹவுஸ் நடன இசையை விட ஒரு படி நிதானம். அந்த நிதானத்தில்தான் ராட்ஜர்ஸின் கை வேலை செய்ய இடம் கிடைக்கிறது. அவர் வலது கை பதினாறாம் பங்குகளில் (ஒரு அடிக்கு நான்கு தட்டு) நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். எது ஒலிக்க வேண்டும், எது வெறும் உரசல் ஒலியாக வேண்டும் என்பதை இடது கையின் அழுத்தம் முடிவு செய்யும். இதை வீட்டில் வாசித்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறு, ஒலிக்காத இடத்தில் வலது கையை நிறுத்துவது. நிறுத்தினால் தாளம் உடையும். இரண்டாவது தவறு ஆறு தந்தியையும் அடிப்பது. அவர் பெரும்பாலும் மேல் தந்திகளில் சின்ன வடிவங்களைப் பிடிக்கிறார், அடி முழுவதையும் பேஸுக்கு விட்டுவிடுகிறார். வானொலிக்காகச் சுருக்கிய வடிவம் நான்கு நிமிடம்தான். ஆல்ப வடிவத்தில் கிடாரும் வோக்கோடரும் (குரலை இயந்திரக் குரலாக்கும் கருவி) நீண்டு விளையாடும் பகுதியை அது தின்றுவிடுகிறது. முழு வடிவத்தையே கேளுங்கள்.

அதே ஃபாரல் வில்லியம்ஸ், அதே ராட்ஜர்ஸ் வரும் ‘லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்’ பாதிதான் வெல்கிறது. 100 பி.பி.எம்.மில் கனத்த ட்ரம்ஸ், கைதட்டல், எல்லாம் கச்சிதம். ஆனால் ஆறு நிமிடத்துக்குப் பொருள் போதவில்லை. ஃபாரல் தன் மேல்குரலின் எல்லையில் நின்று பாடுகிறார், கீழே இறங்கி இளைப்பாற மெட்டு இடம் தரவில்லை. வோக்கோடர் அடுக்குகள் உள்ளே வரும் இரண்டாம் பாதியில்தான் பாட்டு எழுந்து உட்காருகிறது.

வோக்கோடரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆல்பத்தின் பலமும் பலவீனமும் அதில்தான். குரலைப் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் ஏற்ற இறக்கத்தையும் ஒரு சின்தின் அதே பட்டை மேல் ஏற்றுவது அதன் வேலை. உயிரெழுத்துகள் அழகாக வரும். ‘ஸ’, ‘ஷ’, ‘த’ மாதிரியான ஒலிகள் மங்கும், ஏனென்றால் சின்தின் ஒலியில் மேல் அலைவரிசை இரைச்சல் குறைவு. அதனால் இரைச்சலைத் தனியாகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல் புரியாது. இந்த ஆல்பத்தில் சொற்கள் பெரும்பாலும் தெளிவாகவே கேட்கின்றன, அதற்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது. ‘தி கேம் ஆஃப் லவ்’வில் இந்த இயந்திரம் அழுகிறது என்றே சொல்லலாம். ஆனால் ‘விதின்’, ‘பியாண்ட்’ இரண்டிலும் அதே துயரத்தை அதே குரலில், கிட்டத்தட்ட அதே வேகத்தில் திரும்பச் சொல்கிறார்கள். ‘பியாண்ட்’ பிரமாண்ட ஆர்க்கெஸ்ட்ராவோடு கதவைத் திறக்கிறது, உள்ளே போனால் ஏற்கனவே பார்த்த அறை. ஆல்பத்தைப் பத்து நிமிடம் குறைத்திருந்தால் இன்னும் இறுகியிருக்கும். குறைக்க வேண்டிய இடம் இங்கே.

ஆனாலும் ‘விதின்’னைத் தவிர்த்துவிட்டுக் கேட்காதீர்கள். சில்லி கொன்சாலஸின் பியானோ முன்னுரைக்கு ஒரு வேலை இருக்கிறது. முதல் மூன்று பாட்டுகள் ஏ மைனரில் நிற்க, அடுத்து வருபவை பி ஃபிளாட் மைனருக்குப் போகின்றன. அரைச் சுருதி ஏற்றம். அந்தப் படியைக் கேட்பவர் இடறாமல் ஏறக் கைகொடுப்பது இந்தப் பியானோ. ஷஃபிளில் போட்டால் இந்த வேலை முழுவதும் வீண்.

‘இன்ஸ்டன்ட் க்ரஷ்’ஷில் ஸ்ட்ரோக்ஸ் குழுவின் ஜூலியன் கசபிளாங்கஸ் பாடுகிறார். ஆளை அடையாளம் தெரியாத அளவுக்குக் குரல் பதப்படுத்தப்பட்டிருக்கிறது. மூடினால் தொய்யும் என்று மேலே சொன்னதற்கு ஒரே விலக்கு இது. காரணம் மெட்டு. அவருக்கே உரிய, வரி முடிவில் சட்டென்று சரியும் மெட்டு எந்த இயந்திரத்துக்குள் போட்டாலும் அவருடையதாகவே வெளிவருகிறது. ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் டைம்’ வெயில் காயும் நெடுஞ்சாலைப் பாட்டு. டாட் எட்வர்ட்ஸ் பாடுகிறார், கூடவே தன் வித்தையையும் காட்டுகிறார். வாசிப்புகளை நுண்ணிய துண்டுகளாக நறுக்கி ஒன்றோடொன்று பின்னுவது அவர் பாணி. ‘டூயின் இட் ரைட்’டில் எதிர்த்திசை: 89 பி.பி.எம்.மில் ட்ரம் மெஷின், விடாமல் சுற்றும் வோக்கோடர் வரி, அதன் மேல் பாண்டா பேரின் சுத்தமான குரல். மூன்றே பொருள். ஆல்பத்திலேயே மிகக் குறைந்த சரக்கில் நிறைந்த பாட்டு. ‘மதர்போர்ட்’ இடையிசை, இதமானது, அதற்கு மேல் இல்லை.

கடைசிப் பாட்டு ‘காண்டாக்ட்’. 1972-இன் அப்பல்லோ 17 நிலவுப் பயணத்தில் விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் பேசிய பதிவு தொடக்கத்தில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஷெர்ப்ஸ் குழுவின் சாம்பிள் மேல் டிஜே ஃபால்கனோடு சேர்ந்து கட்டிய பாட்டு. ஹக்கீமின் ட்ரம்ஸ் அடங்காமல் பெருகப் பெருக, மாடுலர் ஒலி மேலே மேலே ஏறிக் கடைசியில் கிழிந்து தேய்கிறது. அந்தக் கடைசி ஒரு நிமிடத்தில் உங்கள் ஸ்பீக்கர் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். சிதைவு பதிவிலேயே வேண்டுமென்று வைத்தது.

இனி எப்படிக் கேட்பது. 2014 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதோடு சிறந்த ஒலிப்பொறியியலுக்கான விருதும் இதற்குக் கிடைத்தது. ஆடியோ கடைகளில் ஸ்பீக்கரைச் சோதிக்க இதைப் போடுவதும் அதனால்தான். மிக்ஸ் செய்தவர் மிக் குசாவ்ஸ்கி, மாஸ்டரிங் பாப் லட்விக். ஆனாலும் வீட்டில் போட்டதும் ‘சத்தம் குறைவாக இருக்கிறதே’ என்று தோன்றலாம். மற்ற நடன இசை ஆல்பங்கள் அளவுக்கு இதை அழுத்திப் பிழியவில்லை. ஸ்னேரின் உச்சி வெட்டப்படாமல் இருக்க இடம் விட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை இயக்கி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குத் தெரியும் உரப்பை அளக்கும் அலகு). அதில் உரத்த ஆல்பங்கள் கீழே இறக்கப்படும், அவை பக்கத்தில் ஓடும்போது இதன் ட்ரம்ஸ் தனியே எழுந்து நிற்கும். வசதியை அணைத்தால் இது மட்டும் அடங்கிக் கேட்கும். உடனே பலரும் ஈக்வலைசரில் பேஸை ஏற்றுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. கிக் ட்ரம்மும் நேதன் ஈஸ்ட்டின் பேஸும் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் நெருங்கி நிற்கின்றன. அந்த இடத்தைத் தூக்கினால் இரண்டும் கலந்து குழம்பிவிடும், பேஸ் வரியின் மெட்டு காணாமல் போகும். ஈக்வலைசரை நேர்கோட்டில் விட்டு, வால்யூமை மட்டும் ஏற்றுவதே சரி.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி ஆல்பம்தான் கிடைக்கும். நான்கு தந்தி பேஸின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வராது, அதன் மடங்குகளான மேல் ஸ்வரங்கள் மட்டும் கேட்கும். புளூடூத்தில் கேட்பவர்கள் ‘ஜார்ஜியோ’வின் கடைசி இரண்டு நிமிடத்தைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். சிம்பல்கள் தனித்தனி உலோகமாகக் கேட்க வேண்டும், மழை இரைச்சல் போலக் கேட்டால் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) திணறுகிறது. ஏஏசி அல்லது எல்டாக் என்ற கோடெக்குக்கு மாற்றுங்கள், முடிந்தால் கம்பியில் கேளுங்கள்.

பதிப்புகள். பெரும்பாலோருக்கு 2013-இன் சாதாரண சி.டி.யே போதும். 24 பிட், 88.2 கிலோஹெர்ட்ஸ் கோப்பாகவும் கிடைக்கிறது. நல்ல உபகரணம் இருப்பவர்கள் எடுக்கலாம், ஆனால் பெரிய தாவலை எதிர்பார்க்க வேண்டாம். இரட்டை எல்.பி.யில் (இரண்டு வினைல் தட்டு) 74 நிமிடம் நான்கு பக்கங்களில் பிரிவதால் பக்கத்துக்குப் பதினெட்டு, பத்தொன்பது நிமிடம், 33⅓ வேகத்துக்கு வசதியான அளவு. சிக்கல் ‘காண்டாக்ட்’டில். கடைசிப் பாட்டு தட்டின் உள்விளிம்பில் விழுகிறது. வெளிவிளிம்பில் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்ளே போகும்போது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது. அதே அலையைக் குறைந்த நீளத்தில் நெருக்கி வெட்ட வேண்டியிருப்பதால், ஊசியால் மேல் அலைவரிசையைப் பின்தொடர முடியாமல் சிதறும். ஆல்பத்தின் மிக அடர்த்தியான ஒலி அங்கே இருப்பது துரதிர்ஷ்டம். கூம்பு ஊசி வைத்திருப்பவர்கள் நீள்வட்ட ஊசிக்கு மாறி, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிசெய்தால் பெருமளவு சீராகும். அப்படியும் வேண்டுமென்றே வைத்த சிதைவு மிஞ்சத்தான் செய்யும், அதைத் தட்டின் குறை என்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம்.

2023 மே மாதம் வந்த பத்தாம் ஆண்டுப் பதிப்பில் கூடுதலாக 9 பதிவுகள், 35 நிமிடம். தயாரிப்பு பழகுபவர்களுக்கு இதில் இரண்டு பதிவுகள் பெரிய சொத்து. ஒன்று, ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் டைம்’ எழுதப்பட்ட விதத்தைக் காட்டும் ஸ்டூடியோ உரையாடல். ஒரு வரி எப்படித் தட்டுத் தடுமாறிப் பிறக்கிறது, யார் சொன்னதை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதைக் காதால் பார்க்கலாம். கூட்டு வேலை என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் இந்த இசையில் அரிது. மற்றது வோக்கோடர் சோதனைகள். பாட்டைச் சுற்றி எதுவும் இல்லாமல் குரல் அடுக்குகள் மட்டும் கேட்பதால், எத்தனை வகைக் குரல் பதம் பார்க்கப்பட்டது என்று புரியும். கசபிளாங்கஸ் பாடும் ‘இன்ஃபினிட்டி ரிபீட்டிங்’ முழுப் பாட்டாகவே நிற்கிறது. மற்றவற்றில் பல முற்றாத துண்டுகள், ஒருமுறை கேட்டால் போதும்.

அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘ட்ரம்லெஸ்’ பதிப்பில் பதின்மூன்று பாட்டிலும் ட்ரம்ஸ் நீக்கப்பட்டிருக்கிறது. ஆல்பமாகக் கேட்க இதை வாங்க வேண்டாம். ட்ரம்ஸின் வேகத்தில் எழும் ‘காண்டாக்ட்’ அது இல்லாமல் எழுவதில்லை. ‘விதின்’, ‘டச்’ மாதிரியான பாட்டுகளில் மட்டும் அடியில் மறைந்திருந்த தந்திகளும் கீபோர்டுகளும் வெளியே வருகின்றன. ட்ரம்ஸ் பழகுபவர்களுக்கோ இது பயிற்சித் தடமாகவே பயன்படும். ‘லூஸ் யுவர்செல்ஃப் டு டான்ஸ்’ஸில் தொடங்கலாம்: 100 பி.பி.எம்., மாற்றங்கள் குறைவு, கிடாரின் பதினாறாம் பங்குகள் தெளிவாக வழிகாட்டும். ஹை-ஹாட்டில் அவசரப்பட்டால் கிடாரோடு உரசுவது உடனே காதில் விழும். அது படிந்த பிறகு 116-இல் ‘கெட் லக்கி’. 113-தான் என்றாலும் ‘ஜார்ஜியோ’வைக் கடைசிக்கு வையுங்கள், அதில் கை ஓயும் நேரம் வருவதற்குள் ஒன்பது நிமிடம் ஆகிவிடும்.